எட்டாவது கல்

இது நான் கட்டிய கதையாக இருந்தால் இன்னும் அழகாகக் கட்டியிருப்பேன். நடந்தது என்பதால் நடந்தபடியே சொல்கிறேன். நேரமெல்லாம் துல்லியமாக இருக்கும். எந்த விலங்கை எத்தனை மணிக்குப் பார்த்தோம் என்று எங்களைப் போன்ற காட்டு வழிகாட்டிகள் ஒரு சின்ன நோட்டில் குறித்துக்கொள்வோம். அன்றைய பக்கம் இன்னும் என்னிடம் இருக்கிறது. அதில் ஒரு விலங்கின் பெயரும் இல்லை. வெறும் நேரங்கள் மட்டும்தான்.

என் பெயர் ராஜ்தேயீ. தாரு பழங்குடி ஜனம். நேபாள எல்லையை ஒட்டிய தராய்க் காட்டில் பதினோரு வருஷமாகப் பயணிகளுக்குப் புலி காட்டிப் பிழைக்கிறேன். புலி பல நாள் கண்ணில் படாது. அப்போதெல்லாம் அதன் கால்தடத்தைக் காட்டிச் சமாளிப்பேன்.

ஜனவரி மாதம். மகாராஷ்டிரத்துச் சாங்லியிலிருந்து ஆறு பேர் வந்திருந்தார்கள். ஆக்ரா முடித்துவிட்டு, எங்கள் காட்டில் இரண்டு நாள், பிறகு காசி. பெரியவர் அச்சுத் பேண்ட்சே, நாற்பது வருஷம் சமஸ்கிருத வாத்தியாராக இருந்தவர். அவர் மனைவி வசுதா. வசுதாவின் தங்கை மிருணாள், தங்கை கணவர் ஷரத், கல்லூரியில் படிக்கும் அவர்களுடைய இரண்டு பெண்கள். முந்தின நாள் மாலை விடுதி முற்றத்தில் எங்கள் ஊர்ப் பெண்கள் ஆடினார்கள். வாத்தியாரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடுவில் போய் ஆடினார். பனியில் ஆடியதில் விடிவதற்குள் காய்ச்சல் வந்துவிட்டது.

காலை 6.10. வசுதா அறை வாசலில் நின்றுகொண்டு வர மாட்டேன் என்றார்.

"இவர இப்படிப் போட்டுட்டு நான் எப்படிம்மா வர்றது?"

"அட, கூட்டிட்டுப் போம்மா அவள," என்று உள்ளேயிருந்து பெரியவர் குரல் கொடுத்தார். "இங்க இருந்தா கஷாயம் குடு, கஷாயம் குடுன்னு என் உயிர வாங்கிடுவா."

"மூணு மணி நேரம்தானேம்மா," என்றேன் நான். "இன்னிக்கு விட்டா நாளைக்கு நீங்க காசிக்குக் கிளம்பிடுவீங்க. ஐயா நல்லா தூங்கி எந்திரிக்கட்டும். வாங்க."

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனவள் நான்தான். அதை மறைக்க மாட்டேன்.

6.45க்கு எங்கள் திறந்த ஜீப்புக்குக் காட்டு வாசல் திறந்தது. பனி அப்படிப் பனி. வாசல் காவலர் மிஸ்ராஜி வழக்கமாக வண்டிக்குள் தலைகளை எண்ணிப் பார்ப்பார். அன்று கம்பளிக்குள்ளிருந்து கையை மட்டும் நீட்டி அனுமதித் தாளில் முத்திரை குத்தினார். தாளில் எட்டுப் பேர். பயணிகள் ஆறு, ஓட்டுநர், நான். ஒரு ஆள் குறைவு என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் தாளை மாற்ற வேண்டும், அரை மணி நேரம் போய்விடும். வாயைத் திறக்கவில்லை.

உள்ளே நாலு கிலோமீட்டரில், சாலை இரண்டாகப் பிரியும் இடத்தில், ஒரு சால் மரத்தடியில் கற்குவியல் இருக்கிறது. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் விறகு வெட்டப் போன எங்கள் ஊர்க்காரர் ஒருவரைப் புலி அடித்த இடம் என்று பயணிகளிடமும் சொல்வேன். அந்த வழியாகப் போகிறவர்கள் ஆளுக்கொரு கல் போட வேண்டும். நாங்கள் இத்தனை பேர் போகிறோம், எங்களோடு வேறு யாரும் வரவில்லை என்று அர்த்தம். வண்டியை விட்டு இறங்கக் கூடாது என்பது காட்டுச் சட்டம். அதனால் தினமும் வாய்க்கால் கரையில் வெள்ளைக் கற்களைப் பொறுக்கி, ஒரு துணிப்பையில் எடுத்துக்கொண்டு வந்து, வண்டியில் இருந்தபடியே எல்லாருக்குமாக நான் வீசுவேன்.

"அக்கா பாதி வாய்க்காலக் கொண்டாந்து இங்க கொட்டிட்டாங்க," என்று ஓட்டுநர் பல்விந்தர் பயணிகளிடம் சொன்னான். "இன்னும் ரெண்டு வருஷம் போனா வாய்க்கா இங்கதான் ஓடும்."

"நீ ரோட்டப் பாருடா சர்தாரே," என்றேன்.

பையைத் திறந்து ஒவ்வொன்றாக வீசினேன். பை காலியானது. மணி 7.12.

அப்போது ஒன்றும் தோன்றவில்லை.

7.18. பல்விந்தர் கியரை மாற்றினான். மறுபடியும் மாற்றினான்.

"வண்டி இழுக்க மாட்டேங்குது அக்கா. பின்னாடி பாரமா இருக்கு."

"ராத்திரி நீ தின்ன பரோட்டா பாரமா இருக்கும்."

அவன் சிரித்தான். நானும் சிரித்தேன்.

7.25. புல்வெளி ஓரத்தில் புள்ளிமான் கூட்டம். பெரிய பெட்டைமான் ஒன்று தலையைத் தூக்கியது. முன்னங்காலைத் தரையில் தட்டியது. பிறகு கத்தியது... புலியைக் கண்டால் மட்டும் போடும் கத்தல்.

பெண்கள் இருவரும் எழுந்து நின்றார்கள். "எங்க? புலி எங்க?"

நானும் தேடினேன். மான் பார்க்கும் திசையில் புலி இருக்கும். பதினோரு வருஷத்தில் அது பொய்த்ததே இல்லை. மான் எங்கே பார்க்கிறது என்று பார்த்தேன்.

எங்கள் வண்டியைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தது.

எங்கள் வண்டிகளைத் தினம் பார்க்கிற மான்கள் அவை. பக்கத்தில் போனால்கூட மேய்வதை நிறுத்தாது. அன்று மொத்தக் கூட்டமும் வாலைத் தூக்கிக்கொண்டு ஓடியது.

7.31. மரத்தின் மேல் குரங்குக் கூட்டம். வண்டி அடியில் வந்ததும் கர்... கர்... என்று அதே எச்சரிக்கை. குட்டிகளை அள்ளிக்கொண்டு உச்சிக்கிளைக்கு ஏறின. கீழே எங்களையே பார்த்தன.

"நம்மளப் பாத்தா அவ்வளவு பயங்கரமாவா இருக்கு?" என்று ஷரத் கேட்டார். 

பீடி வாசனை வந்தது.

பல்விந்தர் புகைக்க மாட்டான். பயணிகளும் இல்லை. பச்சை விறகும் பீடியும் கலந்த வாசனை. என் பின்கழுத்துக்குப் பக்கத்தில்.

திரும்பினேன். நடு வரிசையில் ஷரத்தும் இரண்டு பெண்களும். கடைசி வரிசையில் வலது ஓரம் மிருணாள், நடுவில் வசுதா. இடது ஓரம் பெரியவருக்கான இடம், காலி. அங்கே அவருக்கென்று விடுதி கொடுத்த கம்பளி இருந்தது. புறப்படும்போது அதை நான்தான் நாலாக மடித்து வைத்தேன்.

இப்போது அது பிரிந்து கிடந்தது. உட்கார்ந்திருக்கிற ஆளின் முழங்காலில் போர்த்தியதுபோல, இரண்டு மேடாக.

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வாய்க்கால் கரையில் கல் பொறுக்கியது விடியற்காலையில். தாளைப் பார்த்துப் பொறுக்கினேன். எட்டு. பெரியவர் வரவில்லை என்று தெரிந்த பிறகு ஒன்றைப் பையிலிருந்து எடுத்துவிட மறந்துவிட்டேன். வண்டியில் ஏழு பேர்.

பை காலி.

கல் குறைந்தால் கணக்கில் விடுபட்ட ஆள் காட்டைவிட்டுத் திரும்ப மாட்டார் என்று எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். கூடினால்? யாரும் எனக்குச் சொன்னதில்லை. யாரும் கூடுதலாகப் போட்டதும் இல்லை. வராத ஒருவருக்காக நான் ஒரு கல் போட்டிருக்கிறேன். எட்டுப் பேர் போகிறோம் என்று என் கையாலேயே சொல்லியிருக்கிறேன். காய்ச்சலோடு படுத்திருக்கும் அந்த மனுஷருடைய இடம்... வண்டியில் காலியாக இருக்கிறது.

பல்விந்தரின் தோளைப் பிடித்தேன்.

"வண்டியத் திருப்பு," என்றேன்.

"இது ஒருவழிப் பாதை அக்கா. தெரிஞ்சா தொலச்சிடுவாங்க."

"திருப்புடா."

என் முகத்தைப் பார்த்தான். திருப்பினான்.

7.46. கற்குவியல். பனி இன்னும் இறுகியிருந்தது. கதவைத் திறந்து கீழே இறங்கினேன். காட்டுக்குள் தரையில் கால் வைத்தால் என் உரிமம் போய்விடும். போகட்டும் என்று இருந்தது. பெரியவருக்காகப் போட்ட அந்த ஒரு கல்லை எடுத்துவிட்டால் போதும்.

பன்னிரண்டு அடி தூரம். நடந்தேன்.

பழைய கல்லெல்லாம் பாசி பிடித்துக் கறுத்திருக்கும், முந்தின நாள் கல்லில்கூட இரவுப் பனியில் மண்ணும் சருகும் ஒட்டியிருக்கும். அன்று போட்டது மட்டும் வெள்ளை வெளேரென்று தெரிந்தது. குனிந்து எண்ணினேன்.

ஒன்று... இரண்டு... மூன்று...

ஏழு.

மறுபடியும் எண்ணினேன்.

ஏழு.

ஏழாவதுக்குப் பக்கத்தில் ஈரமண்ணில் ஒரு சின்னக் குழி. கல் விழுந்த தடம். கல் இல்லை.

பின்னால் வண்டியில்... கிறீச்.

இருக்கைக் கம்பிச்சுருள் சத்தம். யாரோ நகர்ந்து வசதியாக உட்காருவது போல.

ஒரு இருமல். பீடி குடிப்பவரின் இருமல்.

திரும்பினேன்.

பனிக்குள் வண்டி ஒரு நிழலாகத் தெரிந்தது. அதன் மேல் தலைகள். நான் கீழே நிற்கிறேன். ஆறு தலை இருக்க வேண்டும்.

எண்ணினேன்.

ஏழு.

கடைசி வரிசையில், இடது ஓரத்தில், தலையோடு கம்பளி போர்த்திக்கொண்டு ஒன்று. வசுதாவின் பக்கம் சாய்ந்திருந்தது.

வசுதா நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். பயந்தவர்போலத் தெரியவில்லை.

வண்டிக்குத் திரும்பி நடந்தேன். வேறு எங்கே போவேன்? முன் இருக்கையில் ஏறினேன். பின்னால் பார்க்கவில்லை.

பின்னால் பார்க்கும் கண்ணாடி வானத்தைப் பார்த்துத் திருப்பி வைக்கப்பட்டிருந்தது.

பல்விந்தரின் உதடு அசைந்துகொண்டே இருந்தது. அவனுடைய சாமி வார்த்தைகள்.

"பாக்காதீங்க அக்கா," என்றான். அவ்வளவுதான்.

நாலு கிலோமீட்டர். அவன் வண்டியை நடை வேகத்தில்தான் ஓட்டினான். அதற்கு மேல் அது போகவில்லை. என் முதுகுக்குப் பின்னால் மூச்சு. இழுத்து... விட்டு... இழுத்து... விட்டு...

வழியெல்லாம் மான்கள் கத்தின.

8.29. காட்டு வாசல். மிஸ்ராஜி இப்போது கம்பளியை விலக்கி வெளியே வந்தார். பேனா முனையால் ஒவ்வொரு தலையாகத் தொட்டுக் காட்டி எண்ணினார்.

"எட்டு. சரியா இருக்கு. போங்க."

தடுப்புக்கட்டை மேலே போனது. வெளியே வந்தோம்.

அப்புறம்தான் திரும்பிப் பார்த்தேன். இடது ஓரம் காலி. கம்பளி கீழே விழுந்து கிடந்தது. வசுதா தன் இடது கையைப் புடவைத் தலைப்புக்குள் வைத்து மூடியிருந்தார்.

8.50க்கு விடுதி. மேலாளர் வாசலில் நின்றிருந்தார். அவர் நின்ற விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

7.10க்குச் சமையல்காரர் டீ கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். "இந்நேரம் அவ புலியப் பாத்திருப்பா," என்று சொல்லிச் சிரித்தபடி பெரியவர் கிளாஸை வாங்கிக்கொண்டார். இரண்டு நிமிஷத்தில் உள்ளே கிளாஸ் உடைகிற சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் முடிந்துவிட்டது. மாரடைப்பு என்றார் டாக்டர். அந்த வயதில் காய்ச்சலோடு வருவதுதான் என்றார்.

நானும் அப்படியே இருக்கட்டும் என்றுதான் வேண்டிக்கொண்டேன். என் கை வீசிய ஒரு கல்லால் ஒரு நல்ல மனுஷர் போனார் என்று யாரால் தாங்க முடியும்? அவர்கள் திட்டமிட்டபடியே காசிக்குப் போனார்கள், அஸ்தியோடு. அதே ரயில், அதே டிக்கெட். பல்விந்தர் அந்த வாரமே வேலையை விட்டான். இப்போது அவன் மாமா நிலத்தில் டிராக்டர் ஓட்டுகிறான். அன்றைய காலையைப் பற்றிப் பேச்செடுத்தால் எழுந்து போய்விடுவான்.

மார்ச் 19, மாலை 6.20. போன் வந்தது. வசுதா.

எப்படி இருக்கீங்கம்மா என்று நான் கேட்பதற்குள் அவரே பேசினார். குரல் தெளிவாக இருந்தது.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும் ராஜ்தேயீ. அன்னிக்குக் காலைல வண்டில என் கைய ஒரு கை பிடிச்சுது. இவர்தான்னு நெனச்சேன். காய்ச்சலோட எப்படி வந்தார், எங்க ஏறினார்னு யோசிக்கவே தோணல. கேட் வர்ற வரைக்கும் பிடிச்சிட்டே வந்தேன்."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"இவர் கை பஞ்சு மாதிரி இருக்கும்மா. சாக்பீஸ் பிடிச்ச கை. அந்தக் கை காச்சுப் போயிருந்துச்சு. கோடாலி பிடிச்ச கை மாதிரி. பாதி வழியிலேயே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சும் நான் விடல."

"அம்மா..."

"இப்ப இங்கதான் இருக்கார். சாயங்காலம் ஆனா பக்கத்துல வந்து உக்கார்றார். ஒரு தொந்தரவும் இல்ல. பேர் தெரியாம எப்படிம்மா கூப்பிடறது? உங்க ஊர்க்காரர்தானே. பேரச் சொல்லு."

எங்கள் ஊரில் அந்தப் பெயரை யாரும் உச்சரிக்க மாட்டார்கள். இருபத்திரண்டு வருஷமாக எந்தக் குழந்தைக்கும் அதை வைத்ததில்லை. எந்தத் தாளிலும் அது இல்லை. எனக்குத் தெரியாதும்மா என்று பொய் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

அடுத்த வியாழக்கிழமையும் கூப்பிட்டார். அதற்கடுத்த வியாழனும். ஒவ்வொரு தடவையும் அதே கேள்வி. நானும் அதே பொய். போனை எடுக்காமல் விட்டுவிடலாம்தான். இழுத்துக்கொண்டு போனவள் நானாயிற்றே, மனசு கேட்கவில்லை.

போன வியாழன், 6.20. இந்த முறை அவர் எதுவும் கேட்கவில்லை.

"இனிமே உனக்குத் தொந்தரவு தர மாட்டேன்மா," என்றார். குரலில் சந்தோஷம் இருந்தது. "நேத்து அவரே சொல்லிட்டார்."

பிறகு அந்தப் பெயரைச் சொன்னார்.

சரியாகச் சொன்னார்.