படித்ததும் அழித்த செய்திகள்

அக்கா ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். கல்யாணமாகிப் பதினான்கு மாதமாகியும் வெளிநாட்டிலிருக்கும் அத்தானோடு சேர்ந்து வாழ விசா கிடைக்கவில்லை. இன்று தூதரகத்திலிருந்து கடிதம் வந்தது. கல்யாணம் உண்மைதான் என்று காட்ட, இருவரும் இதுவரை போனில் பரிமாறிக்கொண்ட செய்திகளைப் பத்து நாளுக்குள் அனுப்ப வேண்டும். இல்லையென்றால் விண்ணப்பம் தள்ளுபடி.

"இவ்வளவுதானே? போன்ல இருக்குமே," என்றார், நானும் அக்காவும் கடிதத்தோடு போய்ப் பார்த்த விசா ஏஜென்ட்.

அக்கா தலைகுனிந்துகொண்டாள். "படிச்சதும் அழிச்சிடுவேன் சார்."

"எல்லாத்தையுமா? ஏம்மா?"

"வீட்டுக்கே ஒரே போன். அம்மா எடுப்பாங்க, தம்பி இவன் எடுப்பான். அவர் எழுதுறத இவங்க படிச்சா நான் முகத்தை எங்க கொண்டுபோய் வெச்சுக்குறது?"

ஏஜென்ட் சிரிப்பை அடக்கிக்கொண்டு அத்தானுக்கு ஸ்பீக்கரில் போன் போட்டார். அத்தானிடமும் எதுவும் இல்லை.

"நீதானேடி அழிக்கச் சொல்லி சத்தியம் வாங்குன?"

"நான் சொன்னதுல எதைக் கேட்டீங்க? இதை மட்டும் கேட்டுத் தொலைச்சீங்களே!" அக்காவின் குரல் உடைந்தது.

ஞாபகமிருப்பதை ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்திட்டுப் பார்க்கலாம் என்றார் ஏஜென்ட். எங்கள் வீட்டில் ஆங்கிலம் எனக்குத்தான் வரும். பேனாவை எடுத்தேன். அக்கா என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

"உனக்கும் சேர்த்து ஒரு தலையணை வாங்கிட்டேன்னு ஒரு நாள் எழுதியிருந்தார்."

எழுதினேன்.

"தேதி?" என்றார் ஏஜென்ட். "தேதி இல்லாம அவங்க நம்ப மாட்டாங்கம்மா."

அக்கா விரல்விட்டு மாதங்களை எண்ணினாள். பாதியில் நிறுத்திவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து எண்ணத் தொடங்கினாள்.