மெடானில் எல்லோரும் மச்சான்

சிட்னியின் மேற்குப் புறத்தில், குவேக்கர்ஸ் ஹில்லில், ஒரு பேக்கரியின் பாண் வான் ஓட்டுகிறவர் கொட்பிறி. அவருக்கு இந்தோனேசிய மொழி தெரியும் என்று யாராவது சொன்னால் உடனே மறுப்பார். "அது பாஷையில்லை, மெடான் கதை" என்பார்.

மெடான், சுமாத்ராத் தீவில் இருக்கிற பெரிய நகரம். தன் ஊரான பேசாலையிலிருந்து படகேறி அவுஸ்திரேலியாவுக்கு வரும் வழியில் பிடிபட்டு, அங்கே ஐந்தரை வருடம் விசாவுக்குக் காத்திருந்தார். வேலை செய்ய அனுமதியில்லை. சும்மா இருக்கிறவனுக்குக் காது நீளும். விடிந்ததும் மீன்சந்தைக்குப் போய்ப் பெட்டி தூக்கிக் கொடுப்பார். கூலி கிடையாது, கதை கிடைக்கும்.

புத்தகத்து இந்தோனேசியன் வேறு, சந்தையில் புழங்குகிற இந்தோனேசியன் வேறு. மற்ற ஊர்களில் 'பஜாக்' என்றால் வரி, மெடானில் சந்தை. மற்ற ஊர்களில் 'கெரேத்தா' என்றால் ரயில், மெடானில் மோட்டார் சைக்கிள். விசாரணைக்கு ஜகார்த்தாவிலிருந்து வந்த அதிகாரியிடம், சிநேகிதனின் கெரேத்தாவில் பின்னால் குந்திக்கொண்டு வந்ததாகச் சொல்லிவிட்டார். ரயில் வைத்திருக்கிற சிநேகிதனெல்லாம் உனக்கு இருக்கிறானா என்று கேட்டாராம் அதிகாரி.

'லாயே' என்ற சொல் அவருக்குத் தனிப் பிரியம். அங்குள்ள பத்தாக் மக்களின் பேச்சில் அது மச்சான். மீன்காரனும் லாயே, சைக்கிள் ரிக்சாக்காரனும் லாயே. அடிக்க வருகிறவன்கூட லாயே என்று கூப்பிட்டுத்தான் கையை ஓங்குவான். மூன்றாம் மாதம் யாரோ லாயே என்று கூப்பிட, யாரை என்று கொட்பிறி திரும்பிப் பின்னால் பார்த்தார். வேறு ஒருவரும் இல்லை.

போன மாசி மாதம் டொறத்தியக்கா அவரைத் தேடி வந்தார். பேசாலையில் இரண்டு ஒழுங்கை தள்ளியிருந்தவர். கணவர் இல்லை. ஒரே மகள் வினுஷா வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலையில் இருக்கிறாள். அங்கேயே தாதியாக இருக்கும் பொனார் என்ற பத்தாக் பையனைக் கட்டப்போகிறாள். பொனாரின் தாயும் தகப்பனும் மெடானிலிருந்து பெண் கேட்டு வருகிறார்கள். அவர்கள் வழக்கப்படி மாப்பிள்ளை தன் கலியாணப் பேச்சில் தானே வாய் திறக்கக்கூடாது. ஆகவே கொட்பிறிதான் இரு பக்கத்துக்கும் வாயாக இருக்கவேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து அவர்கள் டொறத்தியக்கா வீட்டுக்கு வந்தார்கள். பொனாரின் தகப்பன் சஹாட் வாசலில் காலை வைக்கும்போதே வீடு அதிரப் பேசினார். தேத்தண்ணித் தட்டோடு நின்ற டொறத்தியக்கா கொட்பிறியின் காதருகே குனிந்தார்.

"ஏன் தம்பி கோவிக்கினம்?"

"கோவமில்லை அக்கா. வீடு வடிவா இருக்கெண்டு சொல்லுறார்."

ஒரு மணித்தியாலம் எல்லாம் நன்றாகவே போனது. சஹாட் ஒரு பகிடி விட்டால், அது தமிழில் எங்கே சிரிப்பு வருமோ அங்கே வரும்படி திருப்பிச் சொன்னார் கொட்பிறி. பிறகு சஹாட் கதிரையை முன்னுக்கு இழுத்துக்கொண்டு முக்கியமான விசயத்துக்கு வந்தார். பத்தாக் அல்லாத பெண்ணைக் கட்டும்போது அவளுக்கு ஒரு குலப்பெயர் கொடுக்கவேண்டும். தன் மனைவியின் தம்பி வினுஷாவை மகளாக ஏற்று, தன் குலப்பெயரை வைப்பார், சடங்கில் தகப்பனாக நிற்பார் என்றார்.

இதைச் 'சின்னச் சடங்கொன்று இருக்குதாம்' என்று சொல்லிக் கடந்திருக்கலாம். ஆனால் மெடானில் ஒரு மொழிபெயர்ப்பாளர் அலுப்பில் கொட்பிறியின் கதையில் பாதியை விழுங்கியதால் அவருடைய விசா ஒரு வருடம் பிந்தியது. அன்றிலிருந்து அடுத்தவர் சொன்னதில் ஒரு சொல்லையும் அவர் குறைத்ததில்லை. அப்படியே சொன்னார்.

டொறத்தியக்கா தட்டை மேசையில் வைத்தார்.

"என்ர பிள்ளைக்கு ஒரு தகப்பன் இருந்தவர். அந்தாளை மண்ணுக்கை வைச்சது காணாதெண்டு, பேரையும் எடுக்கப் போகினமோ? எனக்கு இந்தக் கலியாணம் வேண்டாம்."

வினுஷா ஏதோ இங்கிலீஷில் சொல்லத் தொடங்கி நிறுத்திக்கொண்டாள். பொனார் வழக்கத்துக்குக் கட்டுப்பட்டுக் குனிந்தபடி இருந்தான். என்ன சொல்கிறார் என்று சஹாட் கேட்டார். கொஞ்சம் பொறுக்கும்படி கையைக் காட்டினார் கொட்பிறி. அன்றைக்கு முதல் தடவையாக அவர் மொழிபெயர்க்காமல் தானாகப் பேசினார்.

"அக்கா, பொனாரின்ர தாய்மாமன் இவளைத் தன்ர மகளாக்கினால், இவள் பொனாருக்கு என்ன முறை?"

கேட்டுவிட்டு அவரே பதிலையும் சொன்னார்.

"மச்சாள். எங்கட ஆக்களும் மச்சாளைத்தானே உரிமையோட கேக்கிறது? அவையளுக்கும் அதேதான், பாரிபான் எண்டு சொல்லுவினம். வினுஷா அவையளுக்குப் பிறத்திப் பிள்ளை. பிறத்தியாவே வைச்சிருக்க அவையளுக்கு மனமில்லை. அதான் மச்சாளாக்கி எடுக்கினம். அந்தப் பேர் இல்லாட்டி, அங்க ஒரு சபையில இவளை எந்த இடத்தில இருத்திறதெண்டு ஒருத்தருக்கும் தெரியாது. நான் அப்பிடி ஐஞ்சரை வருசம் இருந்தனான்."

டொறத்தியக்கா முந்தானையைச் சரிசெய்துகொண்டார்.

"இவளின்ர அப்பான்ர பேரை அங்க சொல்லுவினமோ எண்டு கேளும்."

கேட்டார். சஹாட் தன் மனைவியைப் பார்த்தார். சடங்கில் முதல் பெயராக அதைத் தானே வாசிப்பதாகச் சொன்னார். கொட்பிறி சொல்லி முடிக்கும் முன்பே டொறத்தியக்காவின் தலை அசைந்துவிட்டது.

ஆனால் சஹாட்டுக்கு இன்னொரு கேள்வி இருந்தது. மெடானில் நடக்கும் விருந்தில் பெண்ணைப் பெற்றவளின் சகோதரன் எழுந்து நின்று நாலு வார்த்தை பேசவேண்டும். யார் வருவார்? டொறத்தியக்காவின் அண்ணன் கடலோடு போனவர். தம்பி கனடாவில் படுத்த படுக்கை. கொட்பிறி அதைச் சொல்ல வாயெடுத்தபோது, டொறத்தியக்கா அவருடைய கையைப் பிடித்து நிறுத்தினார்.

"கொட்பிறி வருவார் எண்டு சொல்லும். என்ர கூடப்பிறந்தவர் எண்டே சொல்லும்."

இந்தோனேசியனில் ஐந்தே சொற்களில் முடிகிற வசனம். கொட்பிறிக்கு அது இரண்டு முறை இடையில் நின்றது. சஹாட் எழுந்து வந்து அவரைத் தோளோடு அணைத்துக்கொண்டு, பேச்சு நீளமாக இருக்கவேண்டும் என்றார்.

அடுத்த நாள் பேக்கரியில் ஒக்டோபருக்குப் பத்து நாள் லீவு கேட்டார். இத்தனை வருடத்தில் ஒருநாள் லீவு கேட்காத ஆள், என்ன விசயம் என்று முதலாளி கேட்டார்.

"மருமகளுக்குக் கலியாணம்" என்றார் கொட்பிறி.