கறுப்புப் பெட்டியை வாங்காதீர்கள்

ஆப்பரேட்டர் தன்னிடமிருந்த ஜாம்பிப் பட டிஸ்க்குகள் அத்தனையையும் கைகழுவப் போகிறார் என்ற சேதி பல்லக்காவின் காதுக்கு வந்து சேர்வதற்குள் மூன்று வாய் மாறியிருந்தது. டிவி மெக்கானிக் மருந்துக்கடைக்காரரிடம் சொன்னாராம். மருந்துக்கடைக்காரர், கண்ணுக்குச் சொட்டு மருந்து வாங்கப் போன பல்லக்காவின் வீட்டுக்காரரிடம் சொன்னார். வீட்டுக்காரர் மருந்தையும் சேதியையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு வந்தவர் மாதிரி, இரண்டையும் சேர்த்தே ஊற்றினார்.

"சனிக்கிழமை காலையில வேன் வருதாம். மொத்தத்தையும் அள்ளிட்டுப் போறாங்களாம். மேல பாரு, மேல பாரு, சொட்டு வெளிய போகுது."

"யாரு சொன்னா?"

"மருந்துக்கடைத் தம்பி. அவருக்கு டிவி மெக்கானிக். 'கண்ணு தெரியாதவனுக்கு எதுக்குப் படம்'னு கேட்டாராம் ஆப்பரேட்டர்."

பல்லக்கா அதற்கப்புறம் மேலே பார்க்கவில்லை. அடுத்த சொட்டு மூக்கில் விழுந்தது. இடது கண்ணில் புரை எடுத்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. தலையை ஆட்டக்கூடாது, குனியக்கூடாது, தும்மினால்கூட யோசித்துத் தும்ம வேண்டும் என்று நர்ஸ் சொல்லி அனுப்பியிருந்தாள். மனம் நொந்துபோகக் கூடாது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. நொந்துபோனாள்.

ஏனென்றால் 'உங்க கண்ணு போச்சு' என்று ஆப்பரேட்டரைப் பார்த்துச் சொன்னவளே அவள்தான்.

பல்லக்கா என்பது ஜாம்பிப் பட ரசிகர்கள் வைத்த பெயர். முப்பத்தொரு வருஷமாகச் செயற்கைப் பல் செய்யும் கூடத்தில் வேலை. இரண்டாவது மாடி, லிஃப்டுக்குப் பின்னால் இரண்டு அறை. ஓர் அறையில் பிளாஸ்டர் தாடைகள் வரிசையாக வாயைப் பிளந்துகொண்டிருக்கும். இன்னொன்றில் சின்ன உலை, பீங்கான் பொடிக் குப்பிகள், ஊசிமுனைத் தூரிகைகள், ஜன்னல். அந்த ஜன்னல்தான் முக்கியம். காலை பத்து மணிக்கு மேல் அதில் வரும் வெளிச்சத்தில்தான் அவள் நிறம் பார்ப்பாள். கையில் எப்போதும் நிற அட்டை இருக்கும்: பதினாறு மாதிரிப் பற்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர். பல் மருத்துவர்கள் போனில் கூப்பிட்டு, "கொஞ்சம் வெள்ளையா, ரொம்ப வெள்ளையா இல்லாம, ஒரு மாதிரி இயற்கையா" என்று இழுத்தால் இவளுக்குச் சுள்ளென்று கோபம் வரும்.

"டாக்டர், மனசுல இருக்கிற நிறத்துக்கு என்னால பல் செய்ய முடியாது. அட்டையைப் பக்கத்துல வச்சுப் பார்த்து நம்பர் சொல்லுங்க."

லிஃப்ட் ஒருநாள் இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றுபோனதால் கிடைத்தவர்தான் வீட்டுக்காரர். லிஃப்ட் மெக்கானிக். உள்ளே மாட்டிக்கொண்டிருந்தவள் கத்தவில்லை, அழவில்லை. கதவிடுக்கு வழியாக, "அவசரமில்லைங்க, பொறுமையாப் பாருங்க, இதைவிட மோசமா மாட்டிக்கிட்டவங்களை எல்லாம் பார்த்திருக்கேன்" என்றாள். அவள் சொன்னது படத்தில் பார்த்தவர்களை. அது கல்யாணத்துக்குப் பிறகுதான் அவருக்குப் புரிந்தது. இருட்டான லிஃப்ட் குழிக்குள் தலைகீழாகத் தொங்கி வேலை செய்கிற மனிதருக்கு ஜாம்பி என்றால் உதறல். டிவிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு கதை கேட்பார்.

"செத்துட்டானா?"

"யாரைக் கேக்கிறீங்க? ஏற்கெனவே செத்தவனையா, இப்பச் சாகப்போறவனையா?"

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு மருந்துக்கடை மாடியில் ஜாம்பிப் படம் பார்க்க ஒன்பது பேர் கூடுவார்கள். இருமல் மருந்து அட்டைப்பெட்டிகள்தான் நாற்காலி. அங்கே பேச்சுக்குப் பஞ்சமே இருக்காது. செத்தவர்கள் நடக்க வேண்டுமா, ஓடலாமா என்பதில் இரண்டு கட்சி. "ஓடினா அது ஜாம்பி இல்லப்பா, பஸ்ஸை விட்டவன்" என்று பல்லக்கா ஒரே வரியில் வழக்கை முடித்துவைத்தாள். ஆனால் உண்மையான அடிதடி எந்தப் பதிப்பை வாங்குவது என்பதில்தான். ஒரே படம் நாலு முறை டிஸ்க்காக வந்திருக்கும். ஒன்றில் நாலு நிமிஷம் வெட்டு. ஒன்றில் படம் முழுசாக இருக்கும், ஆனால் ஒரே ஸ்பீக்கரில் வரும் பழைய மோனோ சத்தத்தை எடுத்துவிட்டு, காலடி ஓசையை நாலு பக்கமும் சிதறவிட்டிருப்பார்கள். ஒன்றில் இயக்குநரே கூடவே பேசிக்கொண்டு வருவார், ஆனால் திரையின் அடியில் ஓடும் வசன வரிகள் ஆள் மாறி விழும். இதையெல்லாம் பார்த்து, நிமிஷம் கணக்கிட்டு, வாங்கலாம் வேண்டாம் என்று ஒரு பட்டியலைப் பல்லக்கா பன்னிரண்டு வருஷமாக இணையத்தில் எழுதிவந்தாள். யார் யாரோ எந்தெந்தத் தேசத்திலிருந்தோ அதைப் படித்துவிட்டுத்தான் வாங்கினார்கள். நிறத்தைப் பற்றி அவள் சொன்னால் அதற்கு அப்பீல் கிடையாது. பல்லில் அரை நம்பர் வித்தியாசம் கண்டுபிடிக்கிற கண் அல்லவா.

ஆப்பரேட்டர் அந்தக் கூட்டத்திலேயே மூத்தவர். மூடப்பட்டு வருஷக்கணக்கான ஒரு தியேட்டரில் புரொஜெக்டர் ஓட்டியவர். அதிகம் பேசமாட்டார். படம் தொடங்கும்முன் டிவி திரையைத் தன் கைக்குட்டையால் துடைப்பார். அவரும் பல்லக்காவும் உயிராக நேசித்த படம் ஒன்றே ஒன்று. ரசிகர்கள் அதற்கு வைத்த செல்லப்பெயர் 'உப்புப் படம்'. கண்ணுக்கு எட்டியவரை உப்பளம். நடுவில் ஒரு கிடங்கு. கிடங்குக்குள் ஐந்து பேர். வெயிலில் தூரத்திலிருந்து செத்தவர்கள் நடந்து வருகிறார்கள். ஒளிய ஒரு மரம்கூடக் கிடையாது. "இருட்டுல பயமுறுத்த யாரால வேணா முடியும். பட்டப்பகல்ல பயமுறுத்தினான் பாரு" என்பார் ஆப்பரேட்டர், தானே எடுத்த படம் மாதிரி.

அந்தப் படத்துக்குப் புதுசாகச் சீரமைத்த பதிப்பு ஒன்று கறுப்புப் பெட்டியில் வந்தது. ஆப்பரேட்டர் அதை முதல் ஆளாக வாங்கி, பிரிக்காமல், கூட்டத்துக்கு எடுத்துவந்தார். எல்லாரும் சேர்ந்து பிரிக்கட்டும் என்று. புதுச் சட்டை போட்டிருந்தார். டிஸ்க்கைப் போட்டார்கள். முதல் காட்சியிலேயே பல்லக்கா முகத்தைச் சுளித்தாள்.

"என்ன அண்ணே, உப்பு மஞ்சளா இருக்கு?"

"எந்த உப்பும்மா? பளீர்னு வெள்ளையா இருக்கே."

"பழைய நியூஸ்பேப்பர் மாதிரி இருக்கு. செத்தவன் முகத்துல நீலமே இல்ல. மஞ்சக்காமாலை வந்தவன் மாதிரி வர்றான்."

"இந்தப் படத்தை நூத்துப் பதினோரு ஷோ ஓட்டியிருக்கேன். திரையில பார்த்த அதே நிறம்மா இது. இத்தனை வருஷம் கழிச்சு இப்பத்தான் பார்க்கிறேன்."

"அக்கா, பழைய பதிப்பு, அந்தத் தகர டப்பா டிஸ்க், இங்கதான் இருக்கு. ரெண்டையும் மாத்தி மாத்திப் போட்டுப் பார்த்துடலாமா?" என்றார் மருந்துக்கடைக்காரர், சமாதானமாக.

"எதுக்குத் தம்பி? எனக்கு மனப்பாடம்." இந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம். வாய் நிற்கவில்லை. "அண்ணே, நூத்துப் பதினோரு ஷோ எல்லாம் அந்தக் காலம். இப்ப உங்க கண்ணு போச்சு."

மற்ற ஏழு பேரும் சிரித்தார்கள். கேலிச் சிரிப்புகூட இல்லை, சும்மா சிரித்தார்கள். ஆப்பரேட்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். படம் முடியும்வரை இருந்தார். போகும்போது கறுப்புப் பெட்டியை எடுத்துக்கொள்ளவில்லை. அன்றைக்கே பட்டியலில் பல்லக்கா எழுதினாள்: 'கறுப்புப் பெட்டியை வாங்காதீர்கள். நிறம் கெட்டுவிட்டது. தகர டப்பாவே உத்தமம்.' மறுநாள் வாட்ஸ்அப் குழுவில் ஆப்பரேட்டர் வெளியேறினார் என்று ஒரு வரி வந்தது. கோபம் ஆறினால் வருவார் என்றார்கள். ஏழு மாதம் ஆகிவிட்டது.

இதற்கிடையில் கண் பரிசோதனை, புரை, ஆபரேஷன். இடது கண்ணில் முதலில், வலது கண் அடுத்த மாதம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ராத்திரி வண்டி வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது, அவ்வளவுதான் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். நிறம் தப்பு என்று கூடத்துக்கு ஒரு பல்கூடத் திரும்பி வரவில்லையே. எப்படி வரும்? மாதிரிப் பல்லும் அவள் செய்த பல்லும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. கண் எப்படி இருந்தாலும் இரண்டிலும் ஒரே மாதிரிதான் ஏமாற்றும்.

சேதி வந்த மறுநாள், வெள்ளிக்கிழமை காலை, வீட்டுக்காரர் வேலைக்குக் கிளம்பி வந்து நின்றார்.

"இந்தச் சட்டை எப்ப வாங்கினீங்க?"

"எதும்மா? இதுவா? அஞ்சு வருஷம் ஆச்சு. நீதானே எடுத்துக் கொடுத்தே."

"நான் எடுத்தது சந்தனக் கலர்தானே?"

"வெள்ளைம்மா. அன்னைக்கும் வெள்ளை, இன்னைக்கும் வெள்ளை."

பல்லக்கா இடது கண்ணைக் கையால் மறைத்தாள். சந்தனம். வலது கண்ணை மறைத்தாள். வெள்ளை, கழுத்துப்பட்டையின் மடிப்பில் மெல்லிய நீல நிழலோடு. மறுபடி மாற்றினாள். மறுபடி. வீட்டுக்காரர் கையில் சாப்பாட்டுப் பையோடு அப்படியே நின்றார். பிறகு அவள் முகத்தைப் பார்த்து, அன்றைக்கு லீவு சொல்லிவிட்டார்.

மருந்துக்கடை மாடியில் கறுப்புப் பெட்டி ஆப்பரேட்டர் வைத்துவிட்டுப் போன அலமாரியிலேயே இருந்தது. மருந்துக்கடைக்காரர் டிஸ்க்கைப் போட்டார். பல்லக்கா அட்டைப்பெட்டியில் நிமிர்ந்து உட்கார்ந்து வலது கண்ணை மூடினாள்.

உப்பு எரிந்தது. அப்படி ஒரு வெள்ளை. தூரத்தில் வருகிறவர்களின் கன்னத்தில், கழுத்தில், விரல் நுனியில், செத்த நீலம். ஒருத்தி வாய் திறந்தபோது பற்கள் தெரிந்தன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறத்தில், நிஜப் பற்கள் இருப்பது போலவே. இவ்வளவு வருஷம் பார்த்து அந்தப் பற்களை அவள் பார்த்ததே இல்லை.

"இப்பத் தகர டப்பாவைப் போடு தம்பி."

போட்டார். மங்கலாக, சிவப்புப் பூசினாற்போல வந்தது. இத்தனை காலம் அவள் மனப்பாடம் என்று சொன்னது அந்த டிஸ்க்கைக்கூட அல்ல. அது எங்குமே இல்லாத ஒரு படம்.

"எப்படி இருக்கு?" என்று சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த வீட்டுக்காரர் கேட்டார்.

"அண்ணன் சொன்னதுதான் சரி."

"அக்கா, ரெண்டு வரி எழுதுங்க, நான் டிவி மெக்கானிக்கிட்ட கொடுத்து விடறேன்," என்றார் மருந்துக்கடைக்காரர். "முகத்துக்கு நேரா பேசறது உங்களுக்கும் கஷ்டம்."

"எட்டுப் பேர் முன்னாடி வாயால சொன்னதைத் துண்டுக் காகிதத்துல திருப்பி வாங்கறதா? நல்லா இருக்கு."

முதலில் பட்டியலைத் திருத்தினாள். 'கறுப்புப் பெட்டியை வாங்குங்கள். குறை டிஸ்க்கில் இல்லை, என் கண்ணில். ஆப்பரேட்டர் முதல் நாளே சரியாகச் சொன்னார். நான் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமலே தீர்ப்புச் சொன்னேன்.' ஐந்து நிமிஷத்தில் எங்கிருந்தோ ஒருவர் பதில் போட்டார்: 'அக்கா, உங்க பேச்சைக் கேட்டு போன மாசம்தான் அதைக் கடையில திருப்பிக் கொடுத்தேன்!' அவருக்கும் ஒரு மன்னிப்பு எழுதினாள். இது சுலபமாக இருந்தது.

வாட்ஸ்அப் குழுவை விட்ட பிறகு ஆப்பரேட்டர் செல்போனே வைத்துக்கொள்வதில்லை. டிவி மெக்கானிக்கைப் பிடித்து, அவரிடமிருந்து வீட்டுப் போன் நம்பரை வாங்கினார் மருந்துக்கடைக்காரர். மணி நாலு. நாளைக் காலையில் வேன்.

"என்னன்னு ஆரம்பிக்கிறது?"

"வணக்கம்னு ஆரம்பி," என்றார் வீட்டுக்காரர்.

"ஏழு மாசம் பேசாதவருக்கு வணக்கமா? கல்யாணப் பத்திரிகை கொடுக்கிற மாதிரி."

"அப்போ 'அண்ணே, நான் ஒரு முட்டாள்'னு ஆரம்பி. கேட்டதும் போனை வைக்கமாட்டார். மேல என்ன சொல்றேன்னு கேக்கணும்னு தோணும்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கக்கூடாதோ என்று கண்ணைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். நம்பரை அழுத்தினாள். மணி அடித்து அடித்து அதுவாகவே நின்றது.

"கடைக்குப் போயிருப்பாரு," என்றார் மருந்துக்கடைக்காரர்.

"பெட்டி கட்டிக்கிட்டு இருப்பாரு," என்றாள் அவள். "நாலு மணிக்குக் கடைக்கு யாரு போறா?"

இரண்டாம் முறை. சொல்ல வேண்டியதை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே காத்திருந்தாள். அண்ணே, நான்தான். வைச்சிடாதீங்க. உங்க கண்ணு நல்லா இருக்கு, போனது என் கண்ணுதான். வேனைத் திருப்பி அனுப்பிடுங்க. இல்லை, முதலில் மன்னிப்பு, அப்புறம்தான் வேன். அதுவும் நின்றுபோனது.

"அரை மணி கழிச்சுப் போடலாமே," என்றார் வீட்டுக்காரர்.

"முடியாது."

மூன்றாம் முறை அழுத்தினாள். மருந்துக்கடைக்காரர் டிவியின் சத்தத்தை அணைத்தார். வீட்டுக்காரர் சுவரிலிருந்து திரும்பி அவளைப் பார்த்தார். அந்தப் பக்கம் ஒரு வீட்டுக் கூடத்தில் மணி அடித்துக்கொண்டிருந்தது. ஆறு, ஏழு, எட்டு என்று அவள் எண்ணினாள். எண்ணிக்கொண்டே, "எடுங்க அண்ணே" என்றாள்.