ஒரு கைப்பிடிதானுங்க

மெலிந்த மாட்டைத் தேற்ற எங்கள் ஊரில் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். கொழுத்த குதிரையை இளைக்க வைக்க மட்டும் ஒருவரும் வழி சொல்ல மாட்டார்கள். வாயில்லாச் சீவனைப் பட்டினி போடும் பாவத்தில் யாருக்குப் பங்கு வேண்டும்?

என் பெண்குதிரை காற்றைக் குடித்தே கொழுக்கும் ரகம். காங்கேயத்துக்குப் பக்கத்தில் எங்கள் மேய்ச்சல் காட்டில் மாடுகளோடு விட்ட ஒரு மழைக்காலத்திலேயே அதன் பிடரிக்கடியில் கொழுப்பு மேடு கட்டிவிட்டது. கோயம்புத்தூரிலிருந்து வந்த டாக்டரம்மா அதை அழுத்திப் பார்த்தார்.

"மனுசனுக்குச் சக்கரை வர்ற மாதிரிங்க. இனிப்பும் மாவும் சேர்ந்தா குளம்புக்குள்ள வீங்கிக்கும். அப்புறம் நடக்கறதே கஷ்டமுங்க."

எங்கள் காட்டில் விளையும் கொழுக்கட்டைப் புல்லைக் காயவைத்து, அதிலுள்ள இனிப்புக் கரைந்துபோக நீரில் ஊறவைத்து, வடித்துப் போடச் சொன்னார். புல்லில் பற்றாத புரதத்துக்கும் தாது உப்புக்கும் ஒரு டம்ளர் சத்துத் தீவனம். அதற்குமேல் எதுவும் கூடாது.

அந்த ஒரு டம்ளருக்காகக் கோயம்புத்தூரில் கடை கடையாக ஏறி இறங்கினேன். எடை ஏறாத தீவனம் இருக்கிறதா என்று கேட்டதும் ஒரு கடைக்காரர் என் முகத்தையே பார்த்தார்.

"ஏனுங்க, எடை ஏறத்தானுங்க எல்லாரும் தீவனம் வாங்கறாங்க."

உடம்பு மினுமினுக்கும் என்று அவர் எடுத்துப்போட்ட மூட்டையில் வெல்லப்பாகு வாடை தூக்கியது. அடுத்ததில் பாதி மக்காச்சோளம். மூட்டைகளின் முதுகில் இருந்த பொடி எழுத்தைப் படித்துக் கண் எரிந்ததுதான் மிச்சம். ஒருவழியாக மாவும் சர்க்கரையும் குறைந்த ஒன்று அகப்பட்டது. ஏதோ சாதித்துவிட்டவன் போல வீடு திரும்பினேன்.

வீட்டில் நானும் அம்மாவும்தான். அம்மாவுக்கும் சக்கரை. அவள் தட்டுக்கும் நான்தான் காவல்: ஒரு கரண்டி சோறு, மீதியெல்லாம் காய். காலையில் குதிரைக்கு டம்ளரில் அளந்து போட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்து அம்மாவுக்கு அளந்து போடுவேன். குதிரையைப் பார்த்துவிட்டு வந்தால் அம்மா சரியாகச் சாப்பிட மாட்டாள். பிடிவாதம் என்று நினைத்துக்கொள்வேன்.

பட்டிப்பொங்கல் வந்தது. அன்று பட்டியில் இருக்கும் சீவன் எதுவும் பொங்கலும் பழமும் தின்னாமல் இருக்கக் கூடாது. சொந்தக்காரர்கள் வீடு நிறைய வந்திருந்தார்கள். குதிரையைத் தென்னந்தோப்பில் தள்ளிக் கட்டி, வாய்க்கூடையும் போட்டுவிட்டு, அதற்கு யாரும் எதுவும் கொடுக்க வேண்டாம் என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன். "சரிங்க, சரிங்க" என்றார்கள். எங்கள் ஊர் மரியாதையில் இது ஒரு கஷ்டம். முகத்துக்கு நேரே யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள்.

மறுநாள் குதிரை முன்னங்கால்களை நீட்டி, பின்னால் சாய்ந்து நின்றது. இழுத்தும் ஓர் அடிகூட வைக்கவில்லை. குளம்பைத் தொட்டேன், சுட்டது. எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. தங்கியிருந்த எல்லோரையும் கூப்பிட்டு வைத்துக் கேட்டேன்.

"ஒரு கைப்பிடி பொங்கல்தானுங்க மாப்பிள்ளை" என்றார் மாமா.

"கூடையப் போட்டுட்டு நின்னதப் பாத்தா மனசு கேக்கலைங்க. அவுத்துப்போட்டு ஒரே ஒரு பழந்தான் குடுத்தேன்" என்றாள் சித்தி.

கரும்பு கொடுத்தவர் இருந்தார், வெல்லம் கொடுத்தவர் இருந்தார். எல்லோரும் கொஞ்சமாகத்தான் கொடுத்திருந்தார்கள். யாரைத் திட்டுவது?

மீன்கடையிலிருந்து ஐஸ் வாங்கிவந்து குளம்புகளைச் சுற்றிக் கட்டினேன். டாக்டரம்மா வந்து ஊசி போட்டார். மறுபடி நடக்குமா என்றதற்கு, "இப்பச் சொல்ல முடியாதுங்க" என்று கிளம்பிவிட்டார்.

உறவுகள் போனபின் அம்மா தோப்புக்கு வந்து குதிரையின் கழுத்தில் கை வைத்து நின்றாள்.

"நானுந்தான் ஒரு கைப்பிடி சோறு குடுத்தேன் கண்ணு. பொங்கலுக்கு முந்தியிருந்தே, தினமும்."

"எதுக்கும்மா? அத்தனை சொன்னேனே."

"நீ டம்ளர்ல அளந்து போட்டுட்டுப் போனதும் அது வெறுந்தொட்டிய நக்கிக்கிட்டே நிக்கும். நான் தட்ட வழிச்சுப்போட்டு உக்காந்திருக்கற மாதிரியே இருந்துச்சு. அதுக்காவது வயிறு நெறயட்டும்னு குடுத்துப்போட்டேன்."

சாயங்காலம் குதிரைக்கு அளந்து போட்டேன். பிறகு சோற்றுக் கரண்டியைக் கையில் எடுத்துக்கொண்டு, அம்மாவின் தட்டுக்கு முன்னால் வெகுநேரம் நின்றுகொண்டிருந்தேன்.