சட்டி மாற்றாமல் பிழிந்த சாறு

ஸ்காபரோவில் நாங்கள் இருக்கும் மாடிக் கட்டடத்துக்குப் பின்னால், பெரிய மின்கம்பிகள் போகிற வெளி ஒன்று உண்டு. அதன் கம்பிவேலி முழுக்கக் காட்டுத் திராட்சை, எங்கள் பேச்சில் முந்திரிகை, படர்ந்து, செப்டம்பரில் கறுப்புக் கறுப்பாகக் காய்த்துத் தொங்கும். ஒருவரும் தொடமாட்டார்கள். ஆட்கள் இல்லாத நேரமாகப் பார்த்துப் போய் ஒரு பை ஆய்ந்து வந்தேன். அவித்து, துணியில் கட்டி, குசினி அலுமாரிப் பிடியில் தொங்கவிட்டேன். சாறு சொட்டுச் சொட்டாகச் சட்டியில் விழுந்துகொண்டிருந்தது.

வேலையால் வந்த மகளின் தலையில் அந்தப் பொட்டலம் இடித்தது.

"கடையிலை ஜெலி போத்தல் போத்தலா அடுக்கி வைச்சிருக்கிறான். நீங்கள் என்னெண்டால் வேலி வேலியாத் திரியிறியள். உதைப் பிழிஞ்சு விடுங்கோவன் அம்மா, நான் சமைக்கவேணும்."

"கை வைச்சிடாதை பிள்ளை. கலங்கிப்போம்."

"கலங்கினால் என்ன? ஆர் பாக்கப்போகினம்?"

 அந்தச் சாறு என் மகனுக்கு. ஊரில் ஆமிக்காரர் ஏற்றிக்கொண்டு போனபிறகு அவனைப் பற்றி ஒரு சேதியும் இல்லை. வந்தால் கொடுக்கலாம் என்று ஒவ்வொரு காய்ப்புக்கும் ஒரு போத்தல் எடுத்து வைக்கிறேன்.

இதை நான் அம்மாவிடம் பார்த்துப் பழகினேன். அப்பாவுக்கு மலாயாவில் ரெயில்வே உத்தியோகம். கலியாணமான புதிதில் அம்மாவும் அங்கே போயிருந்து, பக்கத்து வீட்டு நேர்ஸ் அம்மாவிடம் ஜெலி காய்ச்சப் பழகியிருக்கிறார். என்னை வயிற்றில் வைத்துக்கொண்டு ஊருக்கு வந்தவர் திரும்பிப் போக முடியவில்லை. ஜப்பான்காரனின் யுத்தம் வந்து கப்பல் நின்றது, கடுதாசியும் நின்றது. அப்பாவை நான் கண்டதே இல்லை.

ஆனாலும் ஒழுங்கை வேலியில் கிளாப்பழம் சிவந்தவுடன் அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு புறப்பட்டுவிடுவார். முள்ளுக் கீறிக் கையெல்லாம் இரத்தம், பால் பட்டு விரலெல்லாம் பிசின். யுத்தகாலம், சீனி கூப்பனுக்கு மட்டும்தான். அதைச் சேர்ப்பதற்காக நாங்கள் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தேத்தண்ணீர் குடிப்போம்.

அவித்த பழத்தை அப்பாவின் பழைய வேட்டித் துண்டில் கட்டி கூரை வளையில் தொங்கவிடுவார். தானாக வடிகிற சாறு கண்ணாடிபோல இருக்கும். அது அப்பாவுக்கு. வடிந்து முடிந்தபிறகு வேறு சட்டி வைத்துச் சக்கையைப் பிழிவார். அது கலங்கல். அது எனக்கு. அப்பா ஜெலியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத்தான் சாப்பிடுவாராம். எனக்கு அவர்மேல் கொஞ்சம் கோபமும் இருந்தது. காணாத மனிதருக்குக் கண்ணாடி, கூட இருக்கிற எனக்குச் சக்கைத் தண்ணீர்.

எனக்கு ஐந்து வயதான வருடம், யுத்தம் முடிந்துவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். அந்த முறை அம்மா கூடுதலாகப் பழம் ஆய்ந்தார். சாறு வடிந்துகொண்டிருந்த மத்தியானம், அம்மாவின் தமையன் பெரியமாமா படலையைத் திறந்துகொண்டு வந்தார். குசினி வாசலில் நின்று மெதுவாக ஏதோ சொன்னார். எறும்பு விரட்டிக்கொண்டிருந்த எனக்குக் கேட்கவில்லை. பிறகு சால்வையால் முகத்தைப் பொத்திக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டார்.

அம்மா அழவில்லை. வந்து, வேட்டிப் பொட்டலத்தை இரண்டு கையாலும் பிடித்து முறுக்கினார்.

"அம்மா! சட்டி மாத்தேல்லை!" என்று கத்தினேன்.

அவருக்குக் கேட்டதாகத் தெரியவில்லை. ஒரு சொட்டும் மிச்சம் விடாமல் பிழிந்தார். கண்ணாடிச் சாறு முழுவதும் கலங்கிப்போனது. பிறகு சேர்த்து வைத்த சீனி எல்லாவற்றையும் கொட்டி அடுப்பில் ஏற்றினார்.

"இண்டைக்கு அடுப்பு மூட்டக்கூடாது, தங்கச்சி" என்றார் மாமா.

"மூட்டின அடுப்புத்தானே அண்ணை. பிள்ளை ஆசைப்படுறவள். சாப்பிடட்டும்."

நல்லாய் எரிகிற அடுப்பை ஏன் மூட்டக்கூடாது என்கிறார்? மாமாவுக்கு ஜெலி பிடிக்காது போல என்று நினைத்தேன். அம்மா கோப்பை நிறைய ஊற்றித் தந்தார். அது இறுகும் வரையும் எனக்குப் பொறுமை இல்லை. ஊதி ஊதிச் சாப்பிட்டேன். கேட்காமலே இன்னும் ஒரு கரண்டி, இன்னும் ஒரு கரண்டி. அயல் பெண்கள் தலைவிரி கோலமாகப் படலைக்குள் வரத் தொடங்கியபோது, என் கோப்பையைப் பின்னால் ஒளித்தேன், பங்கு கேட்பார்கள் என்று.

அம்மா மட்டும் ஒரு துளியும் வாயில் வைக்கவில்லை. சட்டி மாற்ற மறந்த கவலைதான் அவருக்கு என்று நினைத்து, மடியில் ஏறி இருந்தேன்.

"அப்பாவுக்கு அடுத்த காய்ப்பிலை தெளிவாச் செய்வமே, அம்மா" என்று நான்தான் ஆறுதல் சொன்னேன்.

"ஓம் பிள்ளை" என்று அம்மா சேலைத் தலைப்பால் என் வாயைத் துடைத்துவிட்டார். மாமா ஏன் எழும்பி வெளியே போனார் என்று எனக்கு விளங்கவில்லை.