மாப்பிள்ளைக்குப் பக்கத்து இருக்கை

பூங்காவுக்கு எந்தப் புது ராட்டினம் வந்தாலும் அதில் முதலில் ஏறுவது மனிதர்கள் அல்ல, தண்ணீர் பொம்மைகள். கெட்டித் துணியில் ஆள் உருவம் தைத்து, உள்ளே ரப்பர் பையை நுழைத்து, ஒரு ஆளின் எடை வரும்வரை தண்ணீர் ஏற்றி, பெல்ட் போட்டு உட்கார வைத்து நாள் கணக்கில் சுற்ற விடுவார்கள். மெக்கானிக்குகள் அந்தப் பொம்மைக்கு வைத்திருந்த பெயர் மாப்பிள்ளை. தூக்கி வர நாலு பேர் வேண்டும். வந்த பிறகு உட்கார்ந்த இடத்தை விட்டு அசையாது, வாயும் திறக்காது. பெயர் பொருத்தம்தான்.

மாப்பிள்ளைகளுக்கு உடம்பு தைத்துக் கொடுப்பவள் தையலக்கா. வயது ஐம்பத்தாறு. ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஓர் அறை, இரண்டு மிஷின், ஒரு நீள மேசை. கிழிந்த சீட் உறை, நைந்த பெல்ட், கரடி வேஷம் போடுகிறவன் உட்கார்ந்து உட்கார்ந்து பிரித்துவிடும் பின்பக்கத் தையல் என்று இருபத்திரண்டு வருடம் அங்கேயே ஓடிவிட்டது. இதுவரை ஒரு ராட்டினத்திலும் அவள் ஏறியதில்லை. கேட்டால், "கிழிசலை மட்டுமே பார்க்கறவளுக்கு ஏற தைரியம் வருமா?" என்பாள்.

அறையில் இன்னொரு நாற்காலி உண்டு. அது டிக்கெட் கவுண்டரில் வேலை பார்த்த ரேடியோவுடையது. நிறுத்தாமல் பேசுவதால் அவளுக்கு அந்தப் பெயர். மதியம் ஒரு மணிக்குச் சாப்பாட்டு டப்பாவோடு வந்து உட்கார்ந்தால் மேனேஜரின் விக்கில் ஆரம்பித்து தன் மருமகனின் குறட்டை வரை ஒலிபரப்பாகும். 'உம்' கொட்டுவது தையலக்காவின் வேலை. கணவர் போய்ச் சேர்ந்த நாலு வருடத்தில் ஒரு நாளைக்கு அவள் காதில் விழுந்த பேச்செல்லாம் அநேகமாக அந்த அரை மணிக்குள் அடங்கிவிடும். எட்டு மாதத்துக்கு முன் ரேடியோ வேலையை விட்டுவிட்டு மகள் வீட்டோடு போய்விட்டாள். நாற்காலியில் இப்போது துணிக்கட்டுகள் உட்கார்ந்திருந்தன.

இதை அவள் மகனிடம் சொல்லவில்லை. மகன் வேறு ஊரில், மூன்றாவது மாடி வீட்டில், மனைவியோடு இருந்தான். ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் வரும். "தனியா கிடந்து என்னம்மா பண்ற? இங்க வந்துடு." ஒருமுறை போய் ஒரு மாதம் இருந்தும் பார்த்தாள். காலை எட்டு மணிக்குக் கிளம்பும் இருவரும் விளக்கு வைத்த பிறகுதான் திரும்புவார்கள். சோபா உறையில் பிரிந்திருந்த தையலைச் சரி செய்தாள். அடுத்து தலையணைகள், திரைச்சீலைகள். மூன்றாம் வாரம் தைக்க ஒன்றும் மிஞ்சவில்லை. மருமகள் நல்ல பெண். "சும்மா ரெஸ்ட் எடுங்க அத்தை" என்றாள். அந்த ரெஸ்ட்தான் தாங்க முடியவில்லை.

அதனால் மகன் கேட்கும்போதெல்லாம், "தனியா எங்க இருக்கேன்? அதான் ரேடியோ இருக்காளே" என்பாள். ரேடியோ போன பிறகும் அந்தப் பேச்சு நிற்கவில்லை. நேற்று ரேடியோ இதைச் சொன்னாள், போன வாரம் ரேடியோவும் நானும் கடைக்குப் போனோம் என்று எட்டு மாதமாக அவளே அந்த ரேடியோ நிலையத்தை நடத்திக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் பூங்காவுக்குக் 'கடல்' என்ற புது ராட்டினம் வந்தது. பெரிய பந்தைக் கவிழ்த்த மாதிரி ஒரு கட்டடம். இரண்டிரண்டு பேராக வண்டியில் உட்கார்ந்து உள்ளே போனால் தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் திரை. கடலுக்குள் விழுந்து அடிவரை போய்த் திரும்பலாம். திறப்பதற்கு முந்தின சனிக்கிழமை ஊழியர்களுக்கு என்று ஒதுக்கினார்கள். ஆளுக்கு இரண்டு பாஸ், ஒரு இலவசப் போட்டோ. விளம்பரத்தை மகனும் போனில் பார்த்துவிட்டான்; பாஸ், போட்டோ விஷயம் அவளே சொன்னது.

"ரேடியோ ஆன்ட்டியோட ஏறி, அந்தப் போட்டோவை அனுப்பு. ரெண்டு பேரையும் ஒண்ணாப் பார்த்துட்டேன்னா இனிமே வா வான்னு நச்சரிக்க மாட்டேன். சத்தியம்."

"அனுப்பலைன்னா?"

"அடுத்த மாசம் வண்டியோட வந்து மூட்டை கட்டிடுவேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் அப்பாவின் பிடிவாதம் அவனிடம் ஒரு குறையுமில்லாமல் வந்து சேர்ந்திருந்தது.

ரேடியோவுக்குப் போன் செய்தாள்.

"அடியே, நீயா! ராட்டினமா? என் இடுப்பு இருக்கற லட்சணத்துக்கு அதுல ஏறினா எலும்பைக் கூடையிலதான் அள்ளணும். நீ போயிட்டு வந்து சொல்லு. ஐயோ, பேத்தி வேன் வந்துடுச்சு, வச்சிடறேன்."

அவ்வளவுதான். ரேடியோ இப்போது வேறு வீட்டில் பாடிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை வரிசையில் எல்லோரும் குடும்பத்தோடு நின்றார்கள். தையலக்கா பின்னால் வந்தவர்களுக்கெல்லாம் வழிவிட்டுக் கடைசி ஆளானாள். கையில் இரண்டு பாஸ்.

"கூட யாருக்கா?" என்றார் ஆபரேட்டர்.

"யாரும் வரல. ஒத்தையா ஏறக்கூடாதா?"

"ஒரு பக்கம் காலியா இருந்தா வண்டி சாயுதுன்னு கம்ப்யூட்டர் நிறுத்திடுதுக்கா." தலையைச் சொறிந்தவர், பின்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். "அந்த நீலச் சட்டை மாப்பிள்ளையைத் தூக்கிட்டு வாங்கப்பா!"

மெக்கானிக்குகள் மூச்சு வாங்கக் கொண்டுவந்து வைத்தார்கள். "அக்காவுக்கு இந்த வயசுல ஒரு யோகம் பாரு" என்றான் ஒருவன்.

"உன் பொண்டாட்டிக்கு வாய்ச்சதுக்கு இது எவ்வளவோ மேல். இதுக்கு உள்ள போறது வெறும் பச்சைத் தண்ணிதான்" என்றாள் தையலக்கா.

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பெல்ட்டைப் போட்ட பிறகுதான் பக்கத்திலிருப்பது எந்த மாப்பிள்ளை என்று கவனித்தாள். கடைசியாகத் தைத்தது. கான்வாஸ் தீர்ந்துவிட்டதால் ஊழியர்களின் பழைய நீலச் சட்டைகளை இரட்டையாக மடித்து ஒப்பேற்றியது. கான்வாஸ் வந்ததும் பிரித்துத் தைக்கலாம் என்று விட்டிருந்தாள்.

வண்டி இருட்டுக்குள் போனது. முதலில் அவள் கண் எப்போதும் போல் வேலை பார்த்தது: திரை இணையும் கோடு, காற்று வரும் மின்விசிறி, தண்ணீர் தெளிக்கும் சின்னக் குழாய். பிறகு இருக்கை முன்னால் கவிழ்ந்தது. கோடும் குழாயும் எங்கோ போயின. காலுக்குக் கீழே அலை. முகத்தில் உப்புச் சாரல். தலைக்கு மேல் மூடிக்கொண்ட பச்சை வெளிச்சம் மங்கி மங்கி நீலமாகி நின்றது. சத்தமே இல்லை. பக்கத்தில் மாப்பிள்ளையின் வயிற்றுக்குள் தண்ணீர் தளும்புவது மட்டும் கேட்டது.

இடது பக்கமிருந்து ஒரு திமிங்கிலம் வந்தது. அவசரமில்லாமல், ஒரு தெரு அகலத்துக்கு. அதன் கண் அவளைப் பார்த்துக்கொண்டே கடந்தது.

"ஏங்க, இங்க பாருங்க" என்றாள், வாய் விட்டு.

சொல்லிவிட்டுத் திரும்பினால் மாப்பிள்ளை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தது. அதன் தோளில் தையல் பிரிந்து, விரலளவு வாய்க்குள்ளிருந்து ரப்பர் பை பிதுங்கியது. அந்த நொடியில் வண்டி செங்குத்தாக விழுந்தது. எல்லோரும் கம்பியைப் பிடிக்கும் இடத்தில் தையலக்கா இரண்டு கைகளாலும் மாப்பிள்ளையைச் சேர்த்துக் கட்டி, பிரிந்த இடத்தை உள்ளங்கையால் அழுத்தினாள். எங்கோ ஒரு வெளிச்சம் பளிச்சென்றது.

"என்னக்கா, மாப்பிள்ளையை விடவே மாட்டேங்கறீங்க!" என்று போட்டோ கவுண்டர்காரி கண்ணில் நீர் வரச் சிரித்தாள். படத்தில் தையலக்கா வாயைப் பிளந்துகொண்டு, பருமனான நீலச் சட்டை ஆள் ஒன்றை இறுக்கிப் பிடித்திருந்தாள். அந்த ஆளின் முகம் அவள் தோளில் மறைந்திருந்தது. ரேடியோவும் அதே பருமன். அவளுக்கும் நீலச் சட்டைதான் சீருடை.

பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து படத்தை அனுப்பினாள். கூட ஒன்றும் எழுதவில்லை. ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது.

'ரேடியோ ஆன்ட்டி இவ்ளோ பயந்தாங்கொள்ளியா! சரி, நீ ஜெயிச்சுட்டம்மா. இனிமே கேட்கவே மாட்டேன்.'

ஒரு பஸ் வந்து போனது. அவள் ஏறவில்லை. 'கேட்கவே மாட்டேன்' என்பதைத் திரும்பவும் படித்தாள். இந்த உலகத்தில் அவளை வா என்று கூப்பிட இருந்தது ஒரே ஆள். அந்த வாயையும் தைத்தாகிவிட்டது. நாலு நாள் யோசித்தாலும் இதே இடத்துக்குத்தான் வருவோம் என்று தோன்றவே போனை எடுத்து அழைத்தாள்.

"அது ரேடியோ இல்லடா."

"பின்ன யாரு?"

"தண்ணி பொம்மை. நான் தைச்சது. அவ வேலையை விட்டுட்டுப் போய் எட்டு மாசமாச்சு."

அந்தப் பக்கம் டிவி சத்தம் நின்றது.

"எட்டு மாசமாவா? அப்ப நீ தனியாத்தான் இருக்கே."

"ஆமா. அங்க வந்தாலும் பகல் முழுக்கத் தனியாத்தான் இருப்பேன். இங்கயாவது மிஷின் சத்தம் இருக்கு. நான் வரலப்பா. ஆனா நீ கேட்கறதை நிறுத்தாத."

"வர மாட்டே, கேட்கவும் செய்யணுமா?"

"ஆமா."

"நல்லா இருக்கும்மா உன் நியாயம்." மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது, சளியாகவும் இருக்கலாம். "புதன்கிழமையும் பேசட்டுமா?"

"பேசு. ஒரு மணிக்குப் பண்ணு. சாப்பிடற நேரம்."

திங்கட்கிழமை காலை, தண்ணீர் வடித்த நீலச் சட்டை மாப்பிள்ளை தையல் அறைக்கு வந்தது. கூடவே கான்வாஸ் சுருளும் வந்திருந்ததால் மேசையில் இடமில்லை. ரேடியோவின் நாற்காலியிலிருந்த துணிக்கட்டுகளைக் கீழே இறக்கிவிட்டு அதில் உட்கார வைத்தாள். உள்ளே ஒன்றுமில்லாததால் அது வழுக்கி வழுக்கி விழுந்தது. இரண்டு முறை தூக்கி நிமிர்த்திப் பார்த்துவிட்டு, மூன்றாவது முறை விழுந்த இடத்திலேயே விட்டுவிட்டுக் கத்திரிக்கோலை எடுத்தாள். புதன்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது.