அப்பனுக்கு ஓர் எழுத்து

பல்கலைக்கழக மாடி வராந்தாவில் பியூன் என் பெயரை மூன்று முறை கூப்பிட்டான். நான் கீழே வேப்பமரத்தடியில் நின்றேன், காதில் விழவில்லை. காதில் விழுந்த என் மகளோ, கூப்பிடுவது தன்னைத்தான் என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிக்கொள்கிறேன். சொல்லிக்கொள்ள எனக்குத் தகுதி உண்டு. புதுக்கோட்டைப் பக்கத்தில் ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியவன். ஒரு சாக்கோடு டில்லிக்கு வந்து, ஆர்.கே.புரத்தில் முருங்கைக்காயும் வாழையிலையும் வைத்து முதன்முதலில் கடை போட்டவன் நான்தான். எவ்வளவு பெரிய ஆபீசர் வீட்டுக் கல்யாணமானாலும் இலை என்னிடமிருந்துதான் போகும். கருப்பையா கடை என்றால் ஆட்டோக்காரன் வழி கேட்கமாட்டான். அப்பேர்ப்பட்ட பெயர்.

மகளுக்குக் கணிதம் என்றால் உயிர். கடையில் வெங்காய மூட்டைமேல் உட்கார்ந்து படிப்பாள். எட்டிப் பார்த்தால் வளைந்த கோடுகளும் அம்புக்குறிகளும்தான் இருக்கும். "என்னம்மா, நம்பரே இல்ல?" என்பேன். "இது உங்க வெங்காயம் மாதிரி இல்லப்பா. உரிச்சா உள்ள ஏதாவது இருக்கும்" என்பாள். தொண்ணூறுகளின் கடைசியில் பி.எஸ்ஸி.யை முதல் வகுப்பில் முடித்து எம்.எஸ்ஸி.க்கு விண்ணப்பித்தாள். எழுத்துத் தேர்விலும் தேறிவிட்டாள். நேர்முகம் ஒன்றுதான் பாக்கி.

எங்கள் வழக்கத்தில் அப்பனுக்கு ஓர் எழுத்து, பிள்ளைக்கு முழுப்பெயர். தமிழ்ப் பள்ளியில் அவளை அப்படித்தான் கூப்பிட்டார்கள். விண்ணப்பத்திலோ குடும்பப் பெயர் கேட்டிருந்தார்கள். நமக்கு ஏது குடும்பப் பெயர்? அந்தக் கட்டத்தில் என் பெயரை எழுதிவிட்டாள். நேர்முகத்துக்குக் கூப்பிடும் பட்டியலில் என் பெயரை முழுதாக முன்னால் வைத்து, அவளை ஓர் எழுத்தாக்கிவிட்டார்கள். அந்தப் பெயரும் பியூன் வாயில் உடைந்து, 'காரு பையா' என்று வந்திருக்கிறது. இந்தியில் பையா என்றால் அண்ணன். வராந்தாவில் எல்லோரும் சிரித்தார்களாம். இவளும் சிரித்தாளாம்.

கூட்டம் கலைந்த பிறகுதான் போய்க் கேட்டிருக்கிறாள். நான் மூச்சிரைக்க மேலே ஏறியபோது பியூன் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தான். "மூணு தடவ கத்தினேன். இந்தப் பொண்ணு எப்படி பையா ஆகும்?" என்றான் இந்தியில். பக்கத்து அறை அதிகாரி தலை நிமிராமலே, "வரலைன்னு போட்டாச்சு பாய்சாப். வெயிட்டிங்ல இருந்தவங்களுக்கு சீட் போயிடுச்சு. அடுத்த வருஷம் பாருங்க" என்றார். மந்திரி வீட்டுச் சமையற்கட்டு வரை செல்வாக்கு உள்ளவன் நான். ஒரு வாரம் யார் யார் வாசலிலோ நின்று என் பெயரைச் சொல்லிப் பார்த்தேன். எதுவும் நடக்கவில்லை.

நேர்முகத்தன்று வீடு திரும்பும் பஸ்ஸிலேயே, "அடுத்த வருஷம் எழுதலாம்மா" என்றேன்.

"அச்சா. பேரு அதேதானேப்பா?" என்றாள்.

எழுதவில்லை. புத்தகங்களைப் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுவிட்டாள். இப்போது நொய்டாவில் ஒரு கம்பெனியில் வரவு செலவு எழுதுகிறாள். கல்யாணத்துக்குப் பிறகு கணவன் பெயரைச் சேர்த்துக்கொண்டாள். எந்த இந்திக்காரன் வாயிலும் உடையாத பெயர். கடைக்கு வரும் ரிட்டையரான ஆபீசர்கள், "என்ன கருப்பையா, பொண்ணு கணக்குல புலியாச்சே, இப்ப என்ன பண்றா?" என்று விசாரிப்பார்கள்.

"கணக்குதான் சார் பாக்குறா" என்பேன்.

"பேஷ், பேஷ்" என்று இலைக்கட்டை வாங்கிக்கொண்டு போவார்கள்.